கல்லைப் படிக்கக் கற்பித்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேய்

யூபிலி மலர் என்றால் அதில் ஆயர் பெருமக்களின் ஆசியுரையும், பங்குத் தந்தையரின் வரிசையும், கோவில் எழும்பிய வரலாறும் இடம்பெறுவது மரபு. அம்மரபுக்குச் சற்றுப் புறம்பாக, நம் பங்கைச் சேராதவரும் குருத்துவப் பட்டம் பெறாதவருமான ஒரு பிரெஞ்சுக்காரரின் வாழ்க்கையை இங்கே எழுத முற்பட்டுள்ளோம். இவர் யார், இவருக்கும் வெள்ளாற்றங்கரையிலுள்ள நம் திட்டக்குடிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்பது இயல்பே.

பிரெஞ்சு நாட்டவர் என்றதும் நம் முன்னோர் நினைவுக்கு வருபவர்கள் பாரிஸ் வேதபோதக சபையின் குருக்கள். வெயிலையும் காய்ச்சலையும் பொருட்படுத்தாது, மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் இந்தத் தென்னார்க்காட்டுச் சீமையில் சுற்றி வந்து விசுவாசத்தை விதைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனை எல்லோரும் அறிவோம். ஆனால் அதே பாண்டிச்சேரியிலிருந்து, பாடம் சொல்லிக் கொடுக்க வந்த ஓர் ஆசிரியரும் இச்சீமையின் குன்றுகளையும் கோயில்களையும் சுற்றி வந்தார். அவர் தேடியது கற்களை. அக்கற்களைக் காலவரிசையில் படிக்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் அவரே. அவர் பெயர் கபிரியேல் ழுவோ துப்ரேய். அவர் வாழ்வில் நாம் பின்பற்ற வேண்டிய பெருங்குணமும் உண்டு. நாம் விலக்க வேண்டிய ஒரு குறையும் உண்டு. யூபிலி என்பது நன்றி கூறும் காலம் மட்டுமன்று, கணக்குப் பார்க்கும் காலமும் ஆகையால் இரண்டையும் சொல்வதே முறை.

ஆசிரியராக வந்தவர்

ழுவோ துப்ரேய் 1885-ஆம் ஆண்டு பிறந்தவர். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்றவர். பாண்டிச்சேரியிலிருந்த பிரெஞ்சுக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். அக்காலத்தில் பாண்டிச்சேரி பிரெஞ்சு அரசின் ஆட்சியில் இருந்தது. அதைச் சூழ்ந்திருந்த தென்னார்க்காடு மாவட்டமோ ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. 1993-ஆம் ஆண்டு கடலூர், விழுப்புரம் எனப் பிரியும்வரை நம் திட்டக்குடியும் அந்தத் தென்னார்க்காட்டின் ஒரு பகுதியாகவே விளங்கியது. எல்லைச் சாவடியைத் தாண்டினால் வேறு அரசு, வேறு சட்டம், வேறு மொழி. இந்த எல்லை அவர் வாழ்வில் பின்னர் ஒரு முக்கிய இடம் பெறப் போகிறது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

அவர் வந்த காலத்தில் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பற்றிய அறிவு எந்நிலையில் இருந்தது? ஊர் மக்களைக் கேட்டால் தலபுராணத்தைச் சொல்வார்கள். கோயில் பல யுகங்களுக்கு முன் தோன்றியது என்பார்கள். ஆங்கிலேய அறிஞர்கள் கட்டடங்களை அளந்தும் வரைந்தும் வைத்திருந்தார்கள். ஃபெர்குசன் என்பவர் 1876-இல் இந்தியக் கட்டடக் கலை வரலாற்றையே எழுதி வெளியிட்டிருந்தார். ஹூல்ஷ், வெங்கையா முதலிய அறிஞர்கள் கல்வெட்டுகளைப் படித்து மன்னர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் வெளிக்கொணர்ந்திருந்தார்கள். ஆயினும் ஒரு கேள்வி பதிலின்றி நின்றது. கல்வெட்டே இல்லாத ஒரு கோயிலின் முன் நாம் நின்றால், அது எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று எப்படிச் சொல்வது? ஒரே கோயிலுக்குள் ஒரு மண்டபம் ஒரு காலத்தியதாகவும் அதன் அருகிலுள்ள கோபுரம் வேறொரு காலத்தியதாகவும் இருந்தால், எது முந்தியது, எது பிந்தியது என்று எதைக் கொண்டு தீர்மானிப்பது?

சிற்பியிடம் மாணவரான பேராசிரியர்

இந்தக் கேள்விக்கு விடை தேடி அவர் நூலகத்துக்கு மட்டும் செல்லவில்லை. சுத்தியும் உளியும் பிடித்து வேலை செய்து கொண்டிருந்த சிற்பிகளிடம் சென்றார். அந்நாளில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் உள்ள பழைய சிவன் கோயிலில் நகரத்தார் பொருளுதவியில் பெரிய திருப்பணி நடந்து கொண்டிருந்தது. பாண்டிச்சேரிக்கு அருகில், கண்ணெதிரே, தமிழ்ச் சிற்பிகள் தங்கள் தந்தையும் பாட்டனும் செய்த முறையிலேயே தூண் செதுக்குவதையும் கொடுங்கை அமைப்பதையும் அவர் கண்டார். இது என்ன, இதற்குப் பெயர் என்ன, இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று அவர்களிடமே கேட்டு அறிந்தார்.

இச்செயலின் பெருமையை நாம் சற்று நின்று எண்ண வேண்டும். ஆளும் இனத்தைச் சேர்ந்தவர். பாரிஸில் பட்டம் பெற்றவர். அக்காலத்து வெள்ளையர் பலர் நம் சிற்பிகளைக் கூலியாட்கள் என்றே எண்ணினர். நம் பிற்காலக் கோயில்களைச் சீரழிந்த கலை என்று எழுதியவர்களும் உண்டு. இவரோ அச்சிற்பிகளைத் தமக்கு ஆசிரியராக ஏற்றார். உயிரோடுள்ள ஒரு கலையின் இலக்கணம் அக்கலையைச் செய்பவர் வாயில்தான் இருக்கும் என்று கண்டுகொண்டார். போதிகை, பலகை, இதழ், கும்பம், கூடு, கொடுங்கை, தூபி என்று சிற்பிகள் வழங்கிய சொற்களையே தம் பிரெஞ்சு நூலில் பயன்படுத்தினார். தமிழ்ச் சிற்பியின் தொழிற்சொற்கள் பாரிஸில் அச்சேறின. அறிவுக்குத் தாழ்ச்சியே வாசற்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ!

போதிகை சொன்ன கதை

சிற்பிகளிடம் கற்றதை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கோயில் மண்டபத்துத் தூணின் உச்சியில், மேலே உள்ள உத்திரத்தைத் தாங்குவதற்காக இருபுறமும் நீண்டிருக்கும் கட்டையைப் போன்ற கல்லுக்குப் போதிகை என்று பெயர். கோயிலுக்குச் செல்பவர் எவரும் அதை உற்றுப் பார்ப்பதில்லை. மூலவரையும் பெரிய சிற்பங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். ழுவோ துப்ரேய் அந்தப் போதிகையைத்தான் பார்த்தார்.

பல்லவர் காலத்துப் போதிகை கீழ்ப்புறம் வளைந்து, அலை அலையான மடிப்புகளோடு இருக்கும். சோழர் காலத்தில் அந்த வளைவு மறைந்து, சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை நீட்டிக் கொண்டிருக்கும். விஜயநகர மன்னர் காலத்தில் அந்த முனை கீழ்நோக்கி வளைந்து, காம்பிலிருந்து தொங்கும் மொட்டாக மாறும். நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் மொட்டு நன்கு மலர்ந்து, இன்றுள்ள சிற்பிகள் செய்யும் பூப்போதிகையாகிறது. அலையிலிருந்து முனை, முனையிலிருந்து மொட்டு, மொட்டிலிருந்து மலர்: ஆயிரம் ஆண்டு வளர்ச்சி அத்தனையும் ஒரு சிறு கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வாறே கொடுங்கையின் மேல் குதிரை லாடம் போல் அமைந்துள்ள கூடு என்னும் அலங்காரத்தையும் ஆராய்ந்தார். பல்லவர் காலத்தில் அதன் உச்சி மண்வெட்டித் தகட்டைப் போலிருக்கும். சோழர் காலத்தில் அங்கே சிங்கமுகம் வந்து அமரும். தூணின் சதுரப் பகுதியின் அடிமூலைகளில் நாகபடம் போன்ற நாகபந்தம் விஜயநகர காலத்திற்குரிய அடையாளம் என்றும், சுவரில் கும்பத்திலிருந்து எழும் கும்ப பஞ்சரம் என்னும் அலங்காரம் சோழர் கட்டடக் கலை பிற்பட்ட நிலையை அடைந்தபோது தோன்றியது என்றும் வகுத்தார். ஒவ்வோர் உறுப்பையும் கல்வெட்டால் காலம் தெரிந்த கோயில்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னர், காலம் தெரியாத கோயில்களை அவ்வளவுகோலால் அளந்தார்.

இந்த ஆராய்ச்சியின் பயனாகத் தமிழகக் கோயிற்கலை வரலாற்றை ஐந்து பருவங்களாகப் பிரித்துக் காட்டினார். பல்லவர் காலம், முற்காலச் சோழர் காலம், பிற்காலச் சோழர் காலம், விஜயநகர காலம், மதுரைக் காலம் என்பன அவை. ஏழாம் நூற்றாண்டு முதல் தம் காலம் வரை இக்கலை எங்கும் அறுபடாமல், வெளியார் கைபடாமல், தன் வேரிலிருந்தே கிளைத்து வளர்ந்தது என்பது அவர் கண்ட முடிவு. திருப்பாதிரிப்புலியூர்ச் சிற்பியும் மாமல்லபுரத்துச் சிற்பியும் ஒரே மரத்தின் கிளைகள் என்று நிறுவினார்.

1914-இல் தென்னிந்தியத் தொல்பொருளியல் என்னும் அவரது நூல் இரண்டு தொகுதிகளாகப் பாரிஸில் வெளிவந்தது. முதல் தொகுதி கட்டடக் கலை பற்றியது. இரண்டாம் தொகுதி தெய்வ உருவங்களின் இலக்கணம் பற்றியது. கட்டடக் கலையைப் பற்றிய அவரது கருத்துகள், வரலாற்றுப் பேராசிரியர் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பதிப்பிக்க, 1917-இல் திராவிடக் கட்டடக் கலை என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தன. இரண்டாம் தொகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1937-இல் வெளிவந்தது.

அந்த இரண்டாம் தொகுதியின் பொருளை நம் பங்கு மக்கள் எளிதில் விளங்கிக் கொள்ளலாம். கையில் திறவுகோல் இருந்தால் அர்ச். இராயப்பர், குழந்தை இயேசுவை ஏந்தியிருந்தால் அர்ச். அந்தோணியார், உடலில் அம்பு தைத்திருந்தால் அர்ச். செபஸ்தியார் என்று நம் வீட்டுச் சிறுபிள்ளையும் சொல்லிவிடும். அதுபோல இந்துக் கோயில் உருவங்களையும் கையிலுள்ள ஆயுதம், கை காட்டும் முத்திரை, ஏறியுள்ள வாகனம், அணிந்துள்ள முடி ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காணும் முறையை அவர் ஒழுங்குபடுத்தி எழுதினார். பிறர் வணங்குவதை ஏளனம் செய்யாமல் விளங்கிக் கொள்ள முயன்றார். பிற மதங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் உலகுக்கு அறிவித்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, தம் ஆராய்ச்சித் துறையில் அத்தகைய மரியாதையோடு நடந்தவர் ழுவோ துப்ரேய்.

பல்லவரைத் தேடி

அடுத்து அவர் கவனம் பல்லவர் மேல் சென்றது. 1916-லும் 1918-லும் பல்லவர் காலத் தொல்பொருள்கள் பற்றி இரண்டு நூல்களும், 1917-இல் பல்லவர் வரலாறும், 1920-இல் தக்காணத்தின் பண்டை வரலாறும் எழுதினார். பல்லவர் கலையை மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராஜசிம்மன் பாணி என்று மன்னர் பெயரால் பல பாணிகளாக வகுத்தார். இன்று பள்ளிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் படிக்கும் பகுப்புக்கு மூலவர் இவரே.

இவ்வாராய்ச்சிக்கு அவருக்குக் களமாக அமைந்தவற்றுள் நம் பழைய தென்னார்க்காட்டுக் குன்றுகளும் சேர்ந்தவை. இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள தளவானூரில் பாறையைக் குடைந்து செய்த பல்லவர் குகைக் கோயில் உண்டு. அதே மாவட்டத்து மண்டகப்பட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் இக்கோயிலை அமைத்ததாக ஓர் அரசன் கல்வெட்டில் பொறித்து வைத்திருக்கிறான். அவன் முதலாம் மகேந்திரவர்மன். அதற்கு முன் தமிழகத்துக் கோயில்கள் அழியும் பொருள்களால் கட்டப்பட்டவை. அதனால்தான் அவை நமக்குக் கிடைக்கவில்லை என்ற உண்மையை இக்கல்வெட்டு விளக்குகிறது. ஆடு மேய்ப்போர் வெயிலுக்கு ஒதுங்கும் குகைகள், தமிழ்நாட்டுக் கற்கோயில் கலையின் தொட்டில்களாக உலகுக்கு அறிமுகமாயின.

கல்லைப் படித்தவர் வண்ணத்தையும் படித்தார். புதுக்கோட்டைச் சீமையிலுள்ள சித்தன்னவாசல் சமணக் குகை ஓவியங்களைப் பற்றி அவருக்குத் தெரிவித்தவர் தொல்பொருள் அறிஞர் கோபிநாத ராவ். 1919-இல் ராவ் காலமானார். 1920-இல் ழுவோ துப்ரேய் அவ்வோவியங்களைப் பற்றி எழுதி உலக அறிஞர்களின் கண்களை அங்கே திருப்பினார். 1931-இல் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் சிறு சன்னிதிகளில், மேற்பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த பல்லவர் கால ஓவியங்களையும் அவரே கண்டுபிடித்தார். பழையதன் மேல் சுண்ணாம்பு அடித்துப் புதிதாக்குவது நம்மவர் வழக்கம். அந்தச் சுண்ணாம்பின் கீழே ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையான ஓவியம் உறங்கிக் கொண்டிருந்தது!

அரிக்கமேட்டில் அகுஸ்து சீசர்

அவர் வாழ்வின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஒன்று கிறிஸ்தவர்களாகிய நமக்குத் தனிச் சுவையுடையது. கடலூரிலிருந்து பாண்டிச்சேரி செல்லும் வழியில் அரியாங்குப்பத்தை எல்லோரும் கடந்திருப்போம். அதற்குக் கிழக்கே, ஆற்றோரத்தில், வீராம்பட்டினத்துக்கு அருகில் உள்ளது அரிக்கமேடு. 18-ஆம் நூற்றாண்டில், 1770-ஆம் ஆண்டையொட்டி, பாரிஸ் வேதபோதக சபையார் கீழைநாட்டு மாணவர்களுக்கான தங்கள் குருமடத்தை அவ்விடத்துக்குக் கொண்டு வந்தனர். அதை நடத்தியவர் பின்னர் வியட்நாம் வரலாற்றில் புகழ்பெற்ற ஆயர் பிஞ்ஞோ தெ பெஹேன். குருமடம் அங்கே சில ஆண்டுகளே நீடித்தது. அதன் இடிந்த செங்கற் சுவர்கள் அம்மேட்டில் எஞ்சி நின்றன. வருங்காலக் குருக்கள் செபித்துப் படித்த அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருந்தது என்பதை அன்று எவரும் உணரவில்லை.

1937-ஆம் ஆண்டு, அம்மேட்டில் விளையாடும் சிறுவர்கள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் ழுவோ துப்ரேய் வாங்கிப் பார்த்தார். அவற்றுள் மனிதத் தலை செதுக்கிய ஒரு சிறு இரத்தினக் கல் இருந்தது. அது ரோமைப் பேரரசன் அகுஸ்து சீசரின் உருவம் என்று அவர் கண்டார். ஆம், ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவிலும் சுவிசேஷ வாசகத்தில் நாம் கேட்கும் அதே அகுஸ்து சீசர்! எவனுடைய கட்டளையால் சூசையப்பரும் மரியன்னையும் பெத்லகேமுக்குப் பயணமானார்களோ, அவனுடைய தலை பொறித்த கல் நம் கடற்கரையில், மீனவச் சிறுவர் கையில் இருந்தது. இது ரோமாபுரியோடு வாணிபம் செய்த பழைய ஊர் என்று ழுவோ துப்ரேய் உணர்ந்து அரசுக்குத் தெரிவித்தார்.

அதன்பின் 1940-களின் தொடக்கத்தில் அங்கே தோண்டிப் பார்த்தவர்களுள் ஒருவர் நம் குருவான சங்கைக்குரிய ஃபோஷே சுவாமி, மற்றவர் சுர்லோ. அவர்கள் கண்டெடுத்தவற்றில் சில சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1944-இல் இந்தியத் தொல்பொருள் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற மார்ட்டிமர் வீலர் அங்கே ஓர் அலமாரியில் ரோமானிய மதுச்சாடியின் துண்டைப் பார்த்துத் திகைத்தார். 1945-இல் அரிக்கமேட்டை முறைப்படி அகழ்ந்தார். இத்தாலியில் செய்த சிவந்த மட்பாண்டங்களும், மதுச்சாடிகளும், பண்டகசாலையின் அடித்தளமும், தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும் வெளிப்பட்டன. ரோமானியப் பொருள்களின் காலம் ஏற்கெனவே தெரிந்ததாகையால், அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடைத்த தென்னிந்தியப் பாண்டங்களுக்கும் காலம் கூற முடிந்தது. தென்னாட்டுத் தொல்பொருள் ஆராய்ச்சிக்கே அது ஒரு கடிகாரமாயிற்று. அதே 1945-ஆம் ஆண்டில் ழுவோ துப்ரேய் தம் அறுபதாம் வயதையொட்டி இவ்வுலக வாழ்வை நீத்தார்.

கணக்கின் மறுபக்கம்

இத்துடன் முடித்தால் கட்டுரை இனிதாக இருக்கும். ஆனால் முழு உண்மையாக இராது. பாரிஸில் லூ என்ற பெயருடைய சீன வணிகர் ஒருவர் ஆசியக் கலைப் பொருள்களை விற்கும் பெரும் கடை வைத்திருந்தார். ழுவோ துப்ரேய் தமிழ்நாட்டுச் சிற்பங்களைத் தேடிப் பெற்று அவருக்கு அனுப்பினார் என்பது இன்று நன்றாக அறியப்பட்ட செய்தி. அவற்றுள் புகழ்பெற்றவை காஞ்சிபுரம், காவேரிப்பாக்கம் பகுதியிலிருந்து 1926-ஆம் ஆண்டையொட்டிச் சென்ற யோகினிகள் என்னும் தேவியர் சிலைகள். ஏறத்தாழ பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரே கோயிலில் ஒன்றாக வீற்றிருக்கச் செதுக்கப்பட்ட அவை இன்று பாரிஸ், லண்டன், வாஷிங்டன், டெட்ராய்ட், மினியாபொலிஸ், டொரான்டோ என்று உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவை இருந்த கோயில் எது, எப்படி இருந்தது என்று உறுதியாகச் சொல்லவும் இன்று இயலாது.

இதில்தான் நாம் முன்பு கூறிய எல்லைச் சாவடி முக்கியமாகிறது. ஆங்கில ஆட்சியில் தொல்பொருள்களைக் காக்க 1904-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆனால் பாண்டிச்சேரித் துறைமுகம் பிரெஞ்சுக்காரருடையது. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அக்காலத்தில் பாழடைந்த கோயில்களின் சிலைகள் கவனிப்பாரற்று வயலிலும் குளக்கரையிலும் கிடந்தது உண்மை. அருங்காட்சியகத்தில் இருந்தால் உடையாமல் இருக்கும், உலகம் நம் கலையைப் போற்றும் என்று அன்று நல்லோர் பலர் எண்ணியதும் உண்மை. அச்சிலைகளைப் பார்த்தே மேல்நாட்டார் தமிழ்ச் சிற்பியின் மேன்மையை உணர்ந்தனர் என்பதும் உண்மையே.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஒரு கல் எந்தத் தூணின் மேல், எந்தச் சுவரில், எந்தத் திசை நோக்கி இருந்தது என்பதைக் கொண்டே அதன் வரலாற்றைப் படிக்க முடியும் என்று நமக்குக் கற்பித்தவர் அவர். அந்தச் சிலைகளை அவற்றின் இடத்திலிருந்து பெயர்த்த கைகளுள் அவர் கையும் ஒன்று. மேலும், ஒரு சமூகத்தார் குனிந்து வணங்கிய உருவம் விலைப் பொருளாகும்போது இழப்பு கல்லோடு முடிவதில்லை. கற்றவரிடமும் இப்படி ஒரு குருட்டுப் பகுதி இருக்கக் கூடும் என்பதை எண்ணி நாம் அவரைப் பழிப்பதைவிட, நம்மை ஆராய்ந்து கொள்வது நலம்.

திரும்பி வந்த விருத்தாசலத்துச் சிலை

அவர் மறைந்த பத்து ஆண்டுகளில், 1955-இல், பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்குள்ள அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கோயில் கோயிலாகச் சென்று சிலைகளைப் புகைப்படம் எடுத்து, ஊர்ப்பெயரோடு பதிவு செய்து வைத்தார்கள். சிலையை எடுத்துச் செல்லவில்லை. சிலையின் நிழலை மட்டும் எடுத்தார்கள்.

அதன் பயனை நம் பக்கத்து ஊரே கண்டது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலிலிருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை களவு போய், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகர அருங்காட்சியகத்தில் விலைக்கு வாங்கி வைக்கப்பட்டிருந்தது. அது விருத்தாசலத்துடையதே என்று மெய்ப்பிக்கத் துணை நின்றது பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்து வைத்திருந்த புகைப்படம். 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே அதை இந்தியாவிடம் ஒப்படைத்தார். ஒரு பிரெஞ்சுக்காரர் செய்த குறைக்கு அவர் வழி வந்தவர்கள் அறியாமலே செய்த பரிகாரம் என்று இதை எண்ணத் தோன்றுகிறது.

நமக்கு உரிய பாடம்

இந்த வரலாற்றை யூபிலி மலரில் எழுதக் காரணம் இதுதான். யூபிலி என்றதும் கோவிலுக்குப் புது வண்ணம் பூசுகிறோம். புதுப் பீடம் அமைக்கிறோம். பளிங்குக் கல் பதிக்கிறோம். இவை வேண்டியவையே. ஆனால் அந்த உற்சாகத்தில் பழைய மரச் சுரூபம் எங்கே போகிறது? பாட்டனார் காலத்துச் சப்பரமும், தேக்கு மரப் பாவசங்கீர்த்தனத் தொட்டியும், மேல்நாட்டிலிருந்து வந்த கதிர்ப்பாத்திரமும், கரையான் அரிக்கும் ஞானஸ்நானப் பதிவேடும் என்னவாகின்றன? பழைய மரச் சாமான் வாங்குகிறவர்கள் கோவில் வாசலுக்கே வந்து விலை பேசும் காலம் இது. ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் நாம் கொடுப்பது நகரத்துக் கடையில் எந்த விலைக்குப் போகிறதோ, யார் கண்டது?

திருச்சபை இதில் தெளிவாக இருக்கிறது. திருவழிபாட்டைப் பற்றி 1963-இல் வெளியிட்ட ஏட்டில், புனிதப் பொருள்களும் மதிப்புள்ள கலைப் பொருள்களும் கைமாறிப் போகாமலும் அழியாமலும் காக்கும்படி வத்திக்கான் சங்கம் ஆயர்களுக்குப் பணித்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1283-ஆம் சட்டம், திருச்சபைப் பொருள்களைப் பொறுப்பேற்போர் அவற்றின் பட்டியலைச் சரியாகத் தயாரிக்க வேண்டும் என்கிறது. பழமையாலோ கலையாலோ பக்தியாலோ சிறந்த சுரூபங்களை மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றிப் புதுப்பிக்கவும் கூடாது என்கிறது 1189-ஆம் சட்டம். சுண்ணாம்பின் கீழ் மறைந்த காஞ்சி ஓவியத்தை நினைத்துக் கொண்டால் இச்சட்டத்தின் அருமை விளங்கும்.

ஆகவே பங்கு மக்களுக்கு நாம் பணிவோடு வைக்கும் வேண்டுகோள் மூன்று. கோவிலிலும் நம் வீடுகளிலும் உள்ள பழைய சுரூபம், மணி, பாத்திரம், படம், ஏடு ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்து, அது எங்கே இருக்கிறது, யார் கொடுத்தது, எப்போது வந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அவற்றைப் பற்றி அறிந்த முதியோரிடம், அவர்கள் நம்மோடு இருக்கும்போதே, ழுவோ துப்ரேய் சிற்பிகளிடம் கேட்டதுபோல் அமர்ந்து கேட்போம். பங்குத் தந்தைக்கும் ஆயருக்கும் தெரியாமல் எதையும் விற்கவோ மாற்றவோ மாட்டோம் என்று உறுதி கொள்வோம். நம் இந்து சகோதரர்களின் பழைய சிலைகளும் நம் ஊரின் சொத்தே. வயல்வெளியில் ஒரு சிலை கிடைத்தால் அதை உரியவரிடமும் அரசிடமும் அறிவிப்பது நம் அயலன்பின் கடமை.

பழைய ஏற்பாட்டில் யூபிலி ஆண்டு என்பது என்ன? கைமாறிப் போன நிலம் அதற்கு உரியவரிடம் திரும்பிச் செல்லும் ஆண்டு என்று லேவியராகமம் கூறுகிறது. விருத்தாசலத்துக் கற்சிலை தாய்நாடு திரும்பியது ஒருவகை யூபிலி. பேரைச் சொல்லக் கூடத் தெரியாத ஒரு திருப்பாதிரிப்புலியூர்ச் சிற்பியின் அறிவை உலகறியச் செய்த ழுவோ துப்ரேய்க்கு நாம் நன்றி செலுத்துவதும், அவர் தவறிய இடத்தில் நாம் தவறாதிருப்பதும், நம் யூபிலியின் கனிகளாகட்டும். வானதூதர் கபிரியேலின் பெயரைத் தாங்கிய அம்மனிதருடைய ஆன்மாவுக்கு ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியை அளித்து, நம் முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்ற விசுவாசத்தையும் அதன் அடையாளங்களையும் நம் பிள்ளைகளிடம் பழுதின்றி ஒப்படைக்கும் வரத்தை நமக்கு அருள்வாராக.